இன்ஜினை மாற்றும் முன் தண்ணீரை மாற்றுங்கள்

பகாவ் வட்டாரத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். பெரிய கிராணியாக இருந்த அவருடைய அப்பா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் 1000 கார், சிரம்பானுக்குப் போகும் வழியில் புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறினாலே கொதித்துவிடுகிறதாம். பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்கள். இப்போது, "இந்த இன்ஜின் இனி ஆகாது, ஜப்பான் இன்ஜினை மாட்டிவிடலாம்" என்கிறார்களாம். "அப்பாவின் இன்ஜினை எடைக்குப் போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள் ஐயா. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, தண்ணீர் ஓடும் வழியைச் சுத்தம் செய்து பாருங்கள்.

நான் வளர்ந்த ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் துரைக்குப் பெரிய கார். கிராணிக்கும் டிரசருக்கும் மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற சின்ன கார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். "நம் ஊரில் பனியா உறைகிறது, கூலண்ட் எதற்கு?" என்பதுதான் அன்றைய பேச்சு. அது பாதி உண்மை. கூலண்டுக்கு இரண்டு வேலை. குளிர்நாட்டில் தண்ணீர் உறையாமல் காப்பது ஒன்று. எல்லா நாட்டிலும் துருவைத் தடுப்பது இன்னொன்று. முதலாவது நமக்கு வேண்டாம். இரண்டாவது கட்டாயம் வேண்டும்.

மைனர் 1000 வெளிவந்தது 1956-இல். முதலில் 948 சிசி இன்ஜின், 1962 முதல் 1098 சிசி. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. வெறும் தண்ணீரில் பல வருடம் கிடந்தால் உள்ளே துரு உதிர்ந்து சேறாகப் படியும். அந்தச் சேறு பம்ப்பிலிருந்து தள்ளியிருக்கும் பின்பக்கத்து நான்காவது சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம் தங்கும். ரேடியேட்டரை மட்டும் கழுவிவிட்டு "சுத்தம் செய்தாயிற்று" என்றால், நோய் பிளாக்குக்குள் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு சோதனை. ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, எண்ணெய்க் குச்சியில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதைக் கழுவித் தீர்க்க முடியாது. பட்டறைக்குத்தான் போக வேண்டும். சூடான இன்ஜினில் மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் முகத்தில் பாயும்.

இனி வேலை. ரேடியேட்டர் அடியில் ஒரு திருகு குழாய், பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொன்று. இரண்டையும் திறந்து, பழைய தண்ணீரைப் பேசினில் பிடியுங்கள். பிளாக் குழாயில் ஒன்றும் வரவில்லையா? தண்ணீர் இல்லை என்று நினைக்காதீர்கள், சேறு அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.

பிறகு மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றுங்கள். அழுக்கு போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். ரேடியேட்டருக்குத் தோட்டக் குழாயைக் கீழ்வாயில் வைத்து, தண்ணீர் மேல்வாய் வழியாக வெளியேற விடுங்கள். பிளாக்குக்கு மேலே தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் ஊற்றி, கீழே வெளியேற விடுங்கள். கலங்கல் தெளியும்வரை விடாதீர்கள். வீட்டுக் குழாயின் வேகமே போதும். கம்ப்ரஸர் காற்றோ, கார் கழுவும் அழுத்தக் கருவியோ வைத்தால் அந்தக் காலத்து ஈயப் பற்றுகள் பிளந்துவிடும்.

துரு பிடிவாதமாக இருந்தால் பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் உதவும். லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். 20 நிமிடம் இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு வடித்து, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி துலக்குகிறதே என்று புளியைக் கரைத்து ஊற்றாதீர்கள், சக்கை அடைத்துக்கொள்ளும். கழிப்பறை கழுவும் அமிலம் கூடவே கூடாது. அது உலோகத்தையே தின்னும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் எண்ணெயில் கலக்கும், தேய்மானம் கூடும். நம் வெயிலுக்கு 74 டிகிரியில் திறப்பது பொருத்தம். மாட்டும் முன் கொதிக்கப்போகும் தண்ணீரில் கம்பியில் தொங்கவிட்டு, அது திறக்கிறதா என்று பாருங்கள். உப்பிய ஹோஸ், வெடித்த ஃபேன் பெல்ட், ரப்பர் காய்ந்த மூடி ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கொள்ளளவு சுமார் 5 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மீதி வடித்த நீர். செம்பு, பித்தளை, ஈயப் பற்று உள்ள பழைய கார்களுக்கு ஏற்ற பழைய வகைக் கூலண்ட் என்று கேட்டு வாங்குங்கள். மெதுவாக ஊற்றி, மூடியில்லாமல் இன்ஜினை ஓட்டி, காற்று வெளியேறியதும் குறையை நிரப்புங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் கொதித்தால், ரேடியேட்டரைக் கழற்றி அதற்கென்றே உள்ள கடையில் கொடுத்துப் பாருங்கள். இக்னிஷன் டைமிங்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினை மாற்றும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

கடைசியாக ஒன்று. எத்திலின் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். வடித்ததைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டினால் நாயும் ஆடும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.