கோழிக்கு என்ன செலவு?

"கோழிக்கு இன்னாப்பா செலவு? அது பாட்டுக்கு மேஞ்சுட்டு வந்து அடையுது."

ஒரகடம் கூட்டுச்சாலை டீக்கடையிலும் சுங்குவார்சத்திரம் சந்தையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். விடியலில் கூண்டைத் திறந்துவிட்டவர்களும் அவர்கள் இல்லை, பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாய் எண்ணி அடைத்தவர்களும் அவர்கள் இல்லை. வீட்டுக்கோழி செலவில்லாத வருமானம் என்ற இந்த நம்பிக்கை பொய். எங்கள் ஊர்ப்பக்கம் அது ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை. முன்பு அந்தப் பொய்யை மூடி மறைக்க வயல் இருந்தது. இப்போது வயலும் இல்லை.

கோழி முன்பு எதைத் தின்றது? எங்கள் வட்டாரம் ஏரிப்பாசனத்து ஊர்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல். பட்டத்துக்குப் பட்டம் களத்தில் சிந்தியது, தூற்றும்போது ஒதுங்கிய கருக்காய், புடைத்த நொய், அரைத்து வந்த தவிடு, வைக்கோல் போருக்கு அடியில் புழு, எருக்குழியில் பூச்சி. குஞ்சுகளுக்கு என்று பழைய பானையில் சாணியும் கந்தல் சாக்கும் காய்ந்த ஓலையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் வரப்போரம் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கறையான். இவை எதற்கும் யாரும் காசு கொடுக்கவில்லை என்பது சரிதான். ஆனால் காசு கொடுக்காததெல்லாம் செலவில்லாதது ஆகிவிடுமா? நிலம் கொடுத்தது. நாம் எழுதி வைக்கவில்லை.

அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதை ஊரே பார்த்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகால் சிப்காட். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. வேலை வந்தது, அதை நான் பழிக்கவில்லை. என் வீட்டிலும் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் களம் போனது, எருக்குழி போனது, புழக்கடை போனது. புழக்கடையில் இப்போது வரிசை வீடு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். கோழிக் கூண்டு நிற்கும் இடத்தில் ஓர் அறை கட்டினால் மாதம் சில ஆயிரம் வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தைக் கோழிக்கு விட்டிருக்கிறோமே, அது செலவு இல்லையா?

ஒரு கணக்குப் போடுவோம். வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் தீனி. வருஷத்துக்கு 36.5 கிலோ. சோளமும் நொய்யும் தீவனமும் கலந்து கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 1,095 ரூபாய். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, மிஞ்சினால் 80 முட்டை இடும். 70 என்று கொள்வோம். முட்டை 12 ரூபாய்க்குப் போனால் 840 ரூபாய். முழுத்தீனியும் வாங்கிப் போட்டால் கோழி ஒன்றுக்கு 255 ரூபாய் கைநஷ்டம். பாதித் தீனியை அது வெளியில் மேய்ந்து தேடிக்கொண்டால் 290 ரூபாய் மிச்சம்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஏறக்குறைய 550 ரூபாய்தான் நிலம் கொடுத்த பணம். ஒரு கோழிக்கு, ஒரு வருஷத்துக்கு. பத்துக் கோழி வைத்திருந்த வீட்டுக்கு 5,500. நிலம் எடுப்பதற்கு இழப்பீடு கொடுத்தபோது கிணற்றுக்குக் கணக்கு இருந்தது, மரத்துக்குக் கணக்கு இருந்தது. களத்து நொய்க்கு எந்தத் தாளிலும் இடம் இல்லை. சொந்த நிலமே இல்லாமல் அடுத்தவர் களத்தில் கோழி மேயவிட்டு வாழ்ந்த வீடுகளுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. 'கோழிக்கு என்ன செலவு' என்று சொல்லிச் சொல்லியே அந்த இழப்பை நாமே இல்லை என்று ஆக்கிக்கொண்டோம்.

இன்னொரு செலவு இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். அம்மா எழுந்ததும் கூண்டைத் திறப்பார். எச்சத்தைக் கூட்டி அள்ளுவார். தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்புவார். எந்தக் கோழி எந்த மூலையில் முட்டையிட்டது என்று தேடுவார். அடை வைத்ததற்குத் தீனி தனியாக, குஞ்சுக்கு நொய் தனியாக. பருந்து வட்டமிட்டால் ஓடுவார். சாயங்காலம் பஞ்சாரம் போட்டு மூடி, ஒன்று குறைந்தால் டார்ச்சோடு தெருவுக்குப் போவார். போன வருஷம் நானே கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 40 நிமிஷத்துக்குக் குறையவில்லை. வருஷத்துக்கு 243 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட் என்று பிரித்தால் 30 ஷிப்ட், ஒரு மாதச் சம்பள வேலை. எங்கள் ஊரில் நிமிஷத்தின் விலை தெரியாதவர் யாரும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாகப் போனால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று கொதிக்கிற பிள்ளைகள், அம்மாவின் 30 ஷிப்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. நானும் நாற்பது வயதுவரை திறக்கவில்லை.

நாமக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு முட்டைக்கு எத்தனை ரூபாய் எத்தனை பைசா அடக்கம் என்று பண்ணைக்காரர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சோளம் விலை ஏறினால் அன்றைக்கே அவருக்குத் தெரியும். 1982இல் தொடங்கிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை அறிவிக்கிறது, செய்தித்தாளில் வருகிறது. அதே கோழி, அதே முட்டை. பண்ணையில் இருந்தால் தொழில், கணக்குப் புத்தகம், கடன், காப்பீடு. வீட்டில் பெண் வளர்த்தால் 'அது பாட்டுக்கு மேயுது'.

இந்த நம்பிக்கை எங்கள் ஊர்க் கிழவர்களோடு நின்றிருந்தால் இவ்வளவு கோபம் வராது. 2016இல் பில் கேட்ஸ் எழுதினார்: கோழி வளர்ப்பது சுலபம், செலவு குறைவு, ஐந்து கோழியோடு தொடங்கும் ஏழைப் பெண் வருஷத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் சம்பாதிக்கலாம் என்று. ஒரு லட்சம் கோழிகளைக் கொடுக்கப்போவதாகவும் அறிவித்தார். பொலிவியா அரசு வேண்டாம் என்று மறுத்துவிட்டது. அந்தக் கணக்கில் செத்த குஞ்சுகளும் அந்தப் பெண்ணின் நேரமும் எங்கே என்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நம் ஊரிலும் 2012இல் பெருந்துறையில் ஈமு கோழி என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தைக் கொட்டி இழந்தன. 'பறவை தானாக வளரும், பணம் தானாக வரும்' என்ற பேச்சை நம்பித்தான் நகையை அடகு வைத்தார்கள். இன்றைக்கு ஒப்பந்த வேலை போன பையன்கள் கைப்பேசியில் 'மாதம் ஐம்பதாயிரம்' வீடியோ பார்த்துவிட்டு ஒரே மூச்சில் நூறு குஞ்சு வாங்குகிறார்கள். வீடியோவில் வரவு மட்டும்தான் இருக்கும்.

அப்படியானால் கோழி வளர்ப்பு கட்டாது என்கிறாயா என்று என்னிடம் கேட்பார்கள். இல்லை. தீனி மூட்டையின் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் 'கட்டாது' என்று கூண்டைப் பிரித்துப் போடுகிறவர்களும் கணக்குப் பார்க்காதவர்கள்தான். கணக்கு எழுதினால்தான் பணம் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். நான் இரண்டு வருஷமாக அம்மா சொல்லச் சொல்ல 160 பக்க நோட்டில் எழுதுகிறேன். தீனிதான் பெருஞ்செலவு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பெருஞ்செலவு சாவு.

பன்னிரண்டு முட்டை அடை வைத்தால் 21ஆம் நாள் ஒன்பது பத்துக் குஞ்சு பொரிக்கும், மற்றது கூமுட்டை. அந்தப் பத்தில் விற்கும் பருவத்துக்கு வந்தது முதல் வருஷம் எங்கள் வீட்டில் மூன்று. பருந்து, கீரி, ஓட்டல் கழிவைத் தின்று பெருத்த தெருநாய்கள், இப்போது புதிதாகக் கன்டெய்னர் லாரி. எல்லாவற்றுக்கும் மேல் வெயில் காலத்தில் வெள்ளைக் கழிச்சல். காலையில் தலை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், நாலு நாளில் தெருவே காலி. ஒன்றேகால் கிலோ சேவல் 450 ரூபாய் என்று வைத்தாலும் மூன்று தேறினால் 1,350, ஏழு தேறினால் 3,150. ஓர் அடைக்கு 1,800 ரூபாய் வித்தியாசம். அந்த நாலு குஞ்சுக்குக் கூடுதலாக ஆகும் தீனியைக் கழித்தாலும் முட்டை விற்று வரும் மிச்சமெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

இந்தச் சாவைத் தடுக்கும் மருந்து எங்கிருந்து வருகிறது? எங்கள் ஊர்ப்பக்கமாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இராணிப்பேட்டை. அங்கே 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் கழிச்சல் தடுப்பூசி தயாரிக்கிறது. பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி, அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் முகாமுக்குப் போவதில்லை. செலவே இல்லாத பொருள் செத்தால் நஷ்டமும் இல்லை என்று மனசு சொல்லிவிடுகிறது. 'போனால் போகுது, கோழிதானே.' இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கெடுதல் இதுதான்.

வரவுப் பக்கத்தையும் இதே நம்பிக்கை மறைக்கிறது. பேரப்பிள்ளைக்கு அவித்துக் கொடுத்த முட்டையை யாரும் வருமானம் என்று சொல்வதில்லை. எங்கள் நோட்டில் அதற்குத் தனிப் பத்தி உண்டு, கடை விலை போட்டு எழுதுகிறோம். முதல் வருஷம் விற்ற முட்டையைவிட வீட்டில் தின்ற முட்டை அதிகம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போன எச்சம், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோது அம்மா யாரிடமும் கை நீட்டாமல் விற்ற இரண்டு சேவல், எல்லாம் அங்கே இருக்கிறது.

எழுத முடியாத ஒரு செலவும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோழி மண்ணைக் கொத்தித் தின்னும் பிராணி. மண்ணில் இருப்பது முட்டைக்கு வரும். பாரிஸ் வட்டாரத்தில் 2023இலும், நெதர்லாந்து முழுவதும் 2025இலும் வீட்டுக்கோழி முட்டையைத் தின்ன வேண்டாம் என்று அரசு சுகாதார அமைப்புகளே சொல்லிவிட்டன. நிலத்தில் தங்கிவிட்ட, எளிதில் அழியாத வேதிப்பொருள்கள் காரணம். எங்கள் ஊர் மண்ணும் அப்படி என்று நான் சொல்லவில்லை. தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் மண்ணையும் முட்டையையும் சோதித்துச் சொல்ல வேண்டியது அரசு. 'நாட்டுமுட்டை, கலப்படம் இல்லாதது' என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடாதீர்கள் என்கிறேன்.

ஏழைப் பெண்களுக்குப் பாதி மானியத்தில் நான்கு வாரக் குஞ்சுகள் 40 கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல திட்டம். குஞ்சோடு ஒரு நோட்டும் கொடுங்கள் என்று கேட்கிறேன். பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன, பயிற்சி கொடுக்கிறார்கள். தீனி அளவு சொல்லித்தரும் அதே வகுப்பில் கணக்கும் சொல்லித்தரலாம். செத்தது எத்தனை, எதனால், ஊசி போட்ட தேதி, வீட்டில் தின்றது, விற்றது, வேலை பார்த்த நேரம். எழுதத் தெரியாதவர் கோடு போட்டாலும் போதும்.

இரண்டாம் வருஷம் பிப்ரவரியில் அம்மா தன் கோழிகளைக் கூடையில் போட்டு முகாமுக்கு எடுத்துப் போனார். பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கோடையில் அடைக்குப் பத்தில் ஆறு தேறியது. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, "என் நேரத்துக்கு எவ்வளவுடா போட்டே?" என்று கேட்டார். காலியாக விட்டிருக்கிறேன் என்றேன். நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பத்தியில் முதல் தடவையாக அவரே ஒரு தொகையை எழுதினார்.