உடம்பு யாருடையது?

ராதிகா, டூடிகா. ஒரிசாவில் 1880களின் கடைசியில் மார்புக்குக் கீழே ஒரு சதைப் பாலத்தால் ஒட்டிப் பிறந்த ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. 1893ல் கோல்மன் என்ற காட்சிக்காரன் இவர்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனான். நாலைந்து வயசுக் குழந்தைகள். அன்றிலிருந்து ஊர் ஊராக மேடையேறுவதுதான் வேலை. காசு கொடுத்தவன் பார்ப்பான். கடைசியில் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் கூடாரம்.

பாரிசில் டூடிகாவுக்குக் காசநோய் முற்றியது. 1902 பிப்ரவரி 9 அன்று டோயன் என்ற பெரிய சர்ஜன் ரெண்டு பேரையும் அறுத்துப் பிரித்தார். பிரித்ததைப் படமும் எடுக்க வைத்தார். ஒரு வாரத்தில் டூடிகா செத்தாள். மறு வருசம் ராதிகாவும் போய்ச் சேர்ந்தாள்.

கதை அதோடு முடியவில்லை தோழர்களே. கேமரா பிடித்தவர்களில் ஒருவரான பர்னலாண்ட், டாக்டரின் ஆபரேஷன் படங்களின் பிரதிகளை அவரைக் கேட்காமலே விற்றார். படம் சந்தைக் கூடாரங்களில் ஓடியது. டாக்டர் கோர்ட்டுக்குப் போனார். 1905ல் டாக்டர் பக்கம் தீர்ப்பானது. சினிமா உரிமைச் சட்ட வரலாற்றில் இதை முன்னோடி வழக்கு என்கிறார்கள். டாக்டரின் உரிமை, கேமராக்காரன் உரிமை எல்லாம் பேசப்பட்டது. அறுபட்ட உடம்பின் உரிமை? அது வழக்கிலேயே இல்லை. உயிரோடிருந்தபோது கூடாரத்தில் காட்டினார்கள். செத்த பிறகும் கூடாரத்திலேதான் காட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரே இன்னொரு ஜோடியை வைத்துப் பார்க்கணும். மில்லி, கிறிஸ்டின் மெக்காய். 1851ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்த கறுப்பினப் பெண்கள். கைக்குழந்தையிலேயே காட்சிக்காரனுக்கு விற்கப்பட்டார்கள். திருடப்பட்டு இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்டார்கள். 1857ல் தாய் மொனீமியா கடல் தாண்டிப் போய் பிள்ளைகளை மீட்டாள். போகிற ஊரிலெல்லாம் இவர்கள் ‘அசல்’தானா என்று டாக்டர்கள் துணியை விலக்கிப் பார்த்துச் சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்றுதான் விளம்பரம்.

1865ல் அடிமை முறை ஒழிந்தது. மேடையை அவர்கள் விடவில்லை. பாடினார்கள், ஆடினார்கள், பல மொழி பேசினார்கள். ஆனா விளம்பரத்துக்காகத் துணி விலக்கிப் பார்க்கிற சோதனை இனி கிடையாது என்றார்கள். சம்பாதித்த காசில் தாங்கள் அடிமையாய்ப் பிறந்த அதே நிலத்தை வாங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். 1912ல் இறக்கிற வரைக்கும் தலை நிமிர்ந்து வாழ்ந்தார்கள். உடம்பு மாறவில்லை, அந்த உடம்புக்கு யார் எஜமான் என்பதுதான் மாறியது.

காட்சிப்பொருளாய் இருந்தவன் எல்லாம் தானாகவே விடுதலைப் பக்கம் வந்துவிடுவான் என்றும் நம்ப வேண்டாம். சயாமிய இரட்டையர் என்று உலகம் சொல்லும் சாங், எங் இருவரும் 1832ல் முதலாளியை உதறிவிட்டுச் சொந்தமாய்த் தொழில் நடத்தியவர்கள். பிறகு அதே வட கரோலினாவில் நிலம் வாங்கி, கறுப்பு மனிதர்களை அடிமையாக வைத்திருந்தார்கள். ஒடுக்கப்பட்டவன் தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடும் வியாதி சாதி நாட்டுக்காரனுக்குப் புதுசா என்ன?

கணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு பாரிசையும் கரோலினாவையும் ஏன் பேசணும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவப் பணி நடக்கிற ஒன்றியம் இது. வீட்டு வாசலுக்கு வந்து பிறப்பு, இறப்பு, நோய் எல்லாம் எழுதுகிறார்கள். அதனால் தாயும் பிள்ளையும் பிழைத்தது நிஜம். மருத்துவ ஏடுகளில் கணியம்பாடி பேர் அச்சாகி உலகம் சுற்றுகிறது. ஆனா நம்ம உடம்பைப் பற்றி எழுதினது நம்ம மொழியில், நம்ம தெருவுக்கே திரும்பி வரணும். அது தயவு இல்லை, உரிமை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளில் குரோமியத் தண்ணியில் நின்று வெந்த காலை எத்தனையோ கேமரா படம் பிடித்திருக்கிறது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் பேர் படத்துக்குக் கீழே இருக்கிறதா?

இது அடுத்தவனுக்கு மட்டும் சொல்கிற சேதியும் இல்லை. வன்கொடுமையில் வெட்டுப்பட்ட உடம்பின் படம் இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரம் போனுக்குப் போகிறது. கோபம் நியாயம். சாட்சியம் வேணும், அதுவும் நியாயம். ஆனா செத்தவளின் தாயைக் கேட்காமல் அனுப்பினால், அது பாரிஸ் சந்தைக் கூடாரத்துக்கு எந்த விதத்தில் மேல்?

நம்ம தெருவுக்குள் கேமராவோடோ கேள்வித்தாளோடோ யார் வந்தாலும், இயக்கத் தோழரே வந்தாலும், மூணு கேள்வி கேட்கச் சனங்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். இது எங்கே போகும்? பேரும் காசும் யாருக்கு? வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களா?

மூணாவது கேள்வியைக் கேட்க ராதிகாவுக்கும் டூடிகாவுக்கும் யாரும் இடம் கொடுக்கவில்லை. மில்லியும் கிறிஸ்டினும் கேட்டு வாங்கினார்கள்.