ஜூஜூவாடியும் பைத்துல்மாலும்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச் சாவடியின் முன் லாரிகள் காத்துக் கிடந்த காலத்தை நாம் அறிவோம். தாமதம் ஓட்டுநருக்கு நட்டம். அதைத் தவிர்க்கக் கொடுத்த விலையே லஞ்சம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. நிறுத்தும் கை போயிற்று, நீட்டும் கையும் போயிற்று. ஒரே மாதத்தில் எவரும் இறையச்சம் மிக்கோராய் மாறிவிடவில்லை. ஏனெனில், அதே எல்லையில் நீடித்த போக்குவரத்துத் துறைச் சாவடியில் லஞ்ச ஒழிப்புத் துறையினர் பின்னரும் கணக்கில் வராத பணத்தைக் கைப்பற்றினர்.

ஸகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்றார். நபி (ஸல்) அவர்கள் உபதேசத்தோடு நிறுத்தவில்லை, அவரிடம் கணக்கும் கேட்டார்கள். புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது. அவ்வாறிருக்க, நம் மஹல்லாவில் பைத்துல்மால் கணக்கைக் கேட்பவர் மட்டும் குழப்பவாதி ஆவது எப்படி?