பூட்டிய அறை ஏலம்!

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான ஏலம் நடக்கிறது.

பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பெட்டியைத் திறக்கக் கூடாது. அறைக்குள் காலே வைக்கக் கூடாது. பூட்டை வெட்டிக் கதவைத் தூக்கியதும், வாசலில் நின்று சில நிமிடம் எட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான்!

உடனே ஏலம் கூவுகிறார்கள். எடுத்தவர், உள்ளே இருக்கும் அத்தனையையும் கொண்டு போக வேண்டும். தங்கம் இருந்தால் அவருக்கு. கிழிந்த மெத்தையும் அவருக்குத்தான்.

நான்கு காரணங்கள்

இவை வாடகைக்கு விடும் சாமான் அறைகள். இரும்புக் கதவு போட்டு வரிசை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். வீட்டில் இடம் போதாதவர்கள் மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்து, கட்டில், பீரோ, புத்தகம், பழைய துணி எல்லாவற்றையும் அதில் போட்டுப் பூட்டி வைப்பார்கள்.

யார் அப்படி எடுக்கிறார்கள்? வீட்டில் ஒருவர் இறந்து போகிறார். கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். ஊரை விட்டு ஊர் போகிறார்கள். இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் உண்டு. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘நான்கு டி’ என்று சொல்வார்கள். நான்கில் ஒன்றுகூட நல்ல காரியம் என்று சொல்லும்படி இல்லை.

வாடகை பாக்கி விழுந்தால் நோட்டீஸ் வரும். அப்புறமும் கட்டாவிட்டால், சாமானை ஏலம் விடச் சட்டம் இடம் தருகிறது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். கலிபோர்னியாவில், பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது சாமானின் சொந்தக்காரருக்குச் சேர வேண்டும். ஆனால் ஏலத்தொகை பாக்கிக்கே போதாமல் போவது சகஜம்.

கடலில் பாய்ந்த கார்

1977-ம் ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில், ஒரு வெள்ளைக் கார் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கிக் கப்பலாக மாறும். படம் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நியூயார்க் அருகே லாங் தீவில், அந்தக் காரை ஒரு சாமான் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, 10 ஆண்டு வாடகையை முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. 1989-ல் பெட்டகம் ஏலத்துக்கு வந்தது. உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே ஒரு தம்பதி சுமார் 100 டாலருக்கு எடுத்தார்கள். 2013-ல் லண்டன் ஏலத்தில் அந்தக் கார் கமிஷன் உட்பட 6 லட்சத்து 16 ஆயிரம் பவுனுக்குப் போயிற்று! வாங்கியவர் கோடீசுவரர் எலான் மஸ்க்.

இப்படி ஒரு செய்தி போதாதா? 2010-ல் ‘ஸ்டோரேஜ் வார்ஸ்’ என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியும் தொடங்கிற்று. கதவைத் திறந்தால் புதையல்! இதைப் பார்த்துவிட்டு ஏலத்துக்குக் கூட்டம் கூடிற்று. அதில் ஏலம் எடுப்பவராக வந்த ஒருவரே 2012-ல் கோர்ட்டுக்குப் போனார். விலை உயர்ந்த பொருள்களை நிகழ்ச்சிக்காரர்களே உள்ளே வைத்து விடுகிறார்கள் என்பது அவருடைய புகார். பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

உண்மையான வியாபாரம் முதுகு ஒடியும் வேலை. ஓரிரு நாளில் அறையைக் காலி செய்து, பெருக்கிக் கொடுக்க வேண்டும். லாரி வாடகை, கூலி எல்லாம் கைப்பணம். விற்காத மெத்தையைக் குப்பைக் கிடங்கில் போடவும் காசு! மிச்சத்தைப் பழைய சாமான் சந்தையிலும் இணையத்திலும் ஒவ்வொன்றாக விற்க வேண்டும்.

ஆயாவின் பெட்டிகள்

இனி சிகாகோ நகரத்துக்கு வருவோம். விவியன் மேயர் என்ற அம்மையார் அங்கே வசதியானவர்களின் வீடுகளில் குழந்தைகளை வளர்க்கும் ஆயாவாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு கிடைத்தால் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். கிழவர், பிச்சைக்காரர், அழுகிற குழந்தை எல்லோரையும் படம் எடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்! அநேகமாக யாரிடமும் காட்டவில்லை. பல பிலிம் சுருள்களைக் கழுவவே இல்லை.

முதுமையில் வாடகை கட்ட முடியவில்லை. 2007-ல் அவருடைய சாமான்கள் ஏலத்தில் போயின. ஒரு பெட்டி நெகடிவ்களைச் சுமார் 400 டாலருக்கு எடுத்தவர் ஜான் மலூப் என்ற இளைஞர். தாம் எழுதிக்கொண்டிருந்த ஊர் வரலாற்றுக்குப் பழைய படம் கிடைக்குமா என்றுதான் வாங்கினார். கிடைக்கவில்லை!

அப்போது அம்மையார் அதே நகரத்தில் உயிரோடு இருந்தார். 2008 இறுதியில் பனியில் வழுக்கி விழுந்து, 2009 ஏப்ரலில் இறந்தார். மலூப் அவருடைய பெயரை இணையத்தில் தேடியபோது முதலில் கிடைத்தது, சில நாள் முன்பு வந்த மரண அறிவிப்பு! அதே ஆண்டில் படங்களை அவர் இணையத்தில் போட்டார். உலகமே பாராட்டிற்று.

யாருக்குச் சொந்தம்?

பல ஏலங்களில் ஒரு நிபந்தனை உண்டு. குடும்பப் படங்களும் பத்திரங்களும் கிடைத்தால் ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் சொந்தக்காரர் வந்து வாங்காவிட்டால் அவை எங்கே போகும்? குப்பைக்குத்தானே! விவியன் அம்மையாரின் நெகடிவ்களும் அப்படிப் போயிருக்கலாம். மலூப் கையில் சிக்கியதால் பிழைத்தன. அதையும் மறுக்க முடியாது.

ஆனாலும் சட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. நெகடிவை வாங்கியவருக்கு நெகடிவ் சொந்தம். அதிலிருந்து பிரதி எடுத்து விற்கும் உரிமை படம் எடுத்தவருக்கும் அவருடைய வாரிசுக்கும்தான். அம்மையாரோ உயில் எழுதி வைக்கவில்லை. தூரத்து உறவினரைத் தேடிப் பிரான்சு வரை போனார்கள். 2014-ல் சிகாகோ கோர்ட்டில் விவகாரம் எழுந்தது. வாரிசு இல்லாத சொத்தைக் கவனிக்கும் அதிகாரி பொறுப்பேற்றார். 2016-ல் மலூப் அவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். அதன் விவரத்தை வெளியே சொல்லவில்லை.

இப்போது பெரும்பாலான ஏலம் இணையத்தில் நடக்கிறது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை. செல்போனில் நாலைந்து போட்டோ வரும். அதில் ஓரமாக ஒரு குழந்தையின் சைக்கிள் தெரியும். விலையைத் தட்டிவிட்டால் போதும்.