கிடார் இருந்தாத்தான் அகூஸ்டிக்கா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஒரு சகபதிவர் (பேர் வேண்டாம், நல்ல மனுஷர்) "தமிழ்ல சினிமாவை விட்டா பாட்டு ஏது? இண்டி ஃபோக் இப்பத்தான் யூட்யூப் புண்ணியத்துல முளைக்குது"ன்னு எழுதியிருந்தார். படிச்சதும் சுர்ருன்னு ஏறிடுச்சு. பின்னூட்டமா ஆரம்பிச்சது நீண்டுபோய் பதிவாயிடுச்சு.

மொதல்ல வார்த்தைக்கு அர்த்தம் பார்ப்போம். இண்டின்னா பெரிய ரெக்கார்டு கம்பெனி தயவு இல்லாம, சொந்தமா பாடுறது. ஃபோக்னா ஊர்ப்பாட்டு. அகூஸ்டிக்னா கரண்ட் இல்லாம கருவி தானா எழுப்புற சத்தம். ஜஸ்டின் வெர்னான் 2006-07 குளிர்காலத்துல விஸ்கான்சின்ல அப்பாவோட மரவீட்டுல தனியா உட்கார்ந்து பதிவு பண்ணி, போன் ஐவர்ங்கிற பேர்ல 2007ல தானே வெளியிட்டார். அருமையான ஆல்பம். நைட் ஷிஃப்ட்ல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அதுமேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனா அந்த மூணு வார்த்தையும் அச்சு அசலாப் பொருந்துற ஒண்ணு எங்க சீமையில காலங்காலமா இருக்கே, அது ஏன் யார் கணக்குலயும் வரல?

எங்க ஊர் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரியில ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்களே, அந்த ஊர்தான். அதுக்கு முன்னாடி எங்களுக்கு அடையாளம் முத்தாரம்மன் கோயில் தசரா. இந்தச் சுத்துவட்டாரத்துல கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டு இருக்கும். பெரிய வில்லு, அதுல கட்டின மணிகள், நாணை அடிக்க ரெண்டு வீசுகோல், மண்குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. அவ்வளவுதான் பேண்டு. குடத்தோட வாயில மட்டையால அடிச்சா வர்ற அடிநாதத்தைக் கேட்டிருக்கீங்களா? பேஸ் கிடார் தோத்துடும். நடுவுல புலவர் கதையை எடுப்பார், பக்கத்துல இருக்கிறவங்க வாங்கிப் பாடுவாங்க. சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதைன்னு மணிக்கணக்கா ஓடும். கூட்டத்துல யாருக்காவது சாமி வந்தா அதுக்குத் தக்க வேகம் ஏறும், அப்புறம் தணியும். ஆல்பத்துல 'டைனமிக்ஸ்'னு சிலாகிக்கிறோமே, அதேதான்.

இதுக்குக் காசு? ஊர்ல வீட்டுக்கு வீடு வரி பிரிப்பாங்க. இப்ப கிரவுட் ஃபண்டிங்னு பேர் வச்சிருக்கோம். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. இதைவிட இண்டி வேற எது சார்?

"மைக் வச்சுத்தானே பாடுறாங்க"ன்னு ஒரு அனானி வருவார். சாமி, சென்னை கஃபேயில பாடுற தம்பியோட கிடாருக்கும் மைக் உண்டு. "அது பக்திப்பாட்டு"ன்னு இன்னொருத்தர் வருவார். அமெரிக்க ஃபோக்ல பாதி சர்ச்சுல பிறந்ததுதான். கதைக்கு வாங்க.

அடுத்தது அம்பா பாட்டு. எங்க கடற்கரையில வலை இழுக்கவும் துடுப்பு போடவும் பாடினது. ஒருத்தர் எடுக்க, மத்தவங்க திருப்பிச் சொல்ல, அந்தத் தாளத்துலதான் எல்லார் கையும் ஒண்ணா இழுக்கும். அழகுக்குச் சேர்த்த தாளம் இல்ல, வேலை கேட்ட தாளம். வள்ளத்துல மோட்டார் ஏறினதும் துடுப்புக்கு வேலை போச்சு, அதோட பாட்டுக்கும் போச்சு. 2021 ஜனவரியில நாதன் எவன்ஸ்னு ஸ்காட்லாந்து தபால்காரர் ஒருத்தர் டிக்டாக்ல பாடின 'வெல்லர்மேன்', நியூஸிலாந்து திமிங்கில வேட்டைக்காரங்க பாட்டு, உலகமே சுத்துச்சு. நம்ம பசங்க எல்லாரும் ஷேர் பண்ணினாங்க. அதுல தப்பே இல்ல. ஆனா அதை ஷேர் பண்ணின தூத்துக்குடிக்காரன் எத்தனை பேருக்கு அம்பான்னா பாட்டுன்னு தெரியும்? சினிமா 'ஐலசா'வைத் தவிர?

இங்கதான் விஷயமே இருக்கு. இது பேர் சூட்டுற சண்டை மட்டும் இல்ல, பேர் போடுற சண்டை, காசுச் சண்டை. அதே மகுடத்தை ஸ்டுடியோவுல தட்டினா 'எத்னிக் பெர்கஷன்'. கணியான் கூத்துல கணியான் சமூகத்துக்காரர் தட்டினா 'ஏதோ சாமியாட்டக் கொட்டு'. அவர்கிட்ட கத்துக்கிட்டு வந்து வீடியோ போடுறவர் கீழ என்ன எழுதுறார்? 'பாரம்பரியப் பாடல்'. முடிஞ்சுது ஜோலி. பாரம்பரியத்துக்கு பேங்க் அக்கவுண்ட் கிடையாது, வழக்குப் போடாது.

உலகம் பூரா இதே கதைதான். தென்னாப்பிரிக்காவுல சாலமன் லிண்டா 1939ல பதிவு பண்ணின 'ம்பூபே' பல கை மாறி 'லயன் கிங்' படம் வரைக்கும் வந்தது. அவர் 1962ல ஏழையாத்தான் செத்தார். குடும்பத்துக்கு ஒரு சமரசம் கிடைக்க 2006 ஆச்சு. நம்ம ஊர்ல 2021ல 'என்ஜாய் எஞ்சாமி' வந்தப்போ, பாட்டு எழுதிப் பாடின அறிவு இல்லாம ஒரு பத்திரிகை அட்டை வந்து எவ்வளவு சண்டை நடந்தது! 2024ல அந்தப் பாட்டால தனக்கு வருமானமே வரலன்னு சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாவே சொன்னார். ஊருக்கே தெரிஞ்சவங்க நிலைமை இதுன்னா, குடம் அடிக்கிறவர் நிலைமை? குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி 2018ல மறைஞ்சார், கடைசிக் காலம் வறுமையில. அடுத்த மூணு வருஷத்துல, 2021ல, வில்லிசைக்காக சுப்பு ஆறுமுகத்துக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. சந்தோஷம்தான். ஆனா ஒரு பத்மஸ்ரீயை வச்சு எல்லார் அடுப்பும் எரியாது.

எங்க ஊர்க்காரங்களையும் விடப்போறதில்ல. தசரா குழுவுல பாக்ஸ் ஸ்பீக்கருக்கும் குத்துப்பாட்டு டான்ஸுக்கும் கூசாம காசை இறைக்கிறோம். நையாண்டி மேளக்காரர் கேட்டா பேரம் பேசுறோம். வில்லுப்பாட்டை ஒன்பது மணிக்கே முடிக்கச் சொல்லிட்டு ஆர்கெஸ்ட்ரா வைக்கிறோம். கலையை நகரத்துக்காரன் திருடுறான்னு புலம்புறதுக்கு முன்னாடி, நாம கைவிட்டதைத்தான் அவன் எடுத்துட்டுப் போறான்னு தெரியணும்.

அப்ப கிடார்ல ஊர்ப்பாட்டு பாடவே கூடாதா? தாராளமா பாடுங்க. கண்ணாடிப் பெட்டியில பூட்டி வைக்க அது என்ன பொம்மையா? ரெண்டே விஷயம் செய்யுங்க. யார்கிட்ட கேட்டீங்களோ அவர் பேரும் ஊரும் மேல போடுங்க, கீழ இல்ல. காசு வந்தா பங்கு குடுங்க. இதுக்கு சட்டம் வேண்டாம், மனசு போதும்.

சகபதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. பாடுறவர்கிட்ட அனுமதி கேட்டு, பேர் எழுதி, அவர் சம்மதிச்சா பதிவுல ஏத்துங்க. நா. வானமாமலை நம்ம கையில இருக்கிற வசதி எதுவும் இல்லாத காலத்துலயே நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1964ல புத்தகமாக் கொண்டுவந்தார். நம்ம எல்லார் பாக்கெட்லயும் ஸ்டுடியோ இருக்கு. சாக்கு என்ன?

டிஸ்கி: போன் ஐவர் ரசிகர்கள் கும்ம வேண்டாம், நானும் உங்க கட்சிதான். தமிழ்ல சினிமா தவிர பாட்டே இல்லன்னு சொல்றவங்க மட்டும் வரிசையில வரவும் :-)