சாயத்தைவிடக் கழிவே கேள்வி



நொய்யல் ஆற்றைக் காக்க இயற்கைச் சாயத்துக்குத் திரும்பினால் போதும் என்ற வாதம் முழுமையானதல்ல. அவுரி, மஞ்சிட்டி போன்ற சாயச் செடிகள் மதிப்புமிக்கவைதாம். ஆனால் திருப்பூரின் பின்னலாடை உற்பத்திக்கு ஈடுகொடுக்க அவற்றை விளைவிக்கப் பெரும் நிலப்பரப்பு வேண்டும். இயற்கைச் சாயம் பலவற்றுக்கும் நிறம் பிடிக்கப் படிகாரம் தேவை; அந்தக் கழிவுநீரையும் சுத்திகரித்தே ஆக வேண்டும். பருத்தியில் ரசாயனச் சாயம் ஏற மிகுதியாகச் சேர்க்கும் உப்புதான், கழிவுநீரோடு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நீரையும் சுற்றுவட்டக் கிணறுகளையும் கெடுத்ததில் பெரும்பங்கு வகித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை அங்கே வலுப்பெற்றது. இதனால் செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் பட்டறை தவிர்க்கும் செலவைக் கடைசியில் சுமப்பவர் ஆற்றோர விவசாயி. அதைத் துணியின் விலையில் சேர்ப்பதே நியாயம். அரசும் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

- வாசகர், ஈரோடு