கல்நெஞ்சா, கனிந்த நெஞ்சா?

அறுவைச் சிகிச்சை டாக்டர் என்றாலே கல்நெஞ்சர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதிலும் பச்சிளங் குழந்தையின் மண்டையோட்டைத் திறந்து மூளையைத் தொடுகிறவருக்கு இரக்கம் ஏது என்று கேட்பவரும் உண்டு. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் வாழும் நமக்கு ஆஸ்பத்திரி வாசல் புதிதன்று. வெடி விபத்து என்றதும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் பதறி ஓடும் உறவினரைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். 2022-இல் விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆயினும், உள்ளே கத்தி பிடித்து நிற்பவரின் மனம் என்ன பாடுபடும் என்று நாம் கேட்டதுண்டா?

டாக்டர் டி. எஸ். கனகாவை நம் மாணவியர் அறிய வேண்டும். 1932-இல் பிறந்தவர். இளமையில் ஆன்மிகக் கல்வியையே நாடினாராம். தாயின் விருப்பத்தால் மருத்துவம் பயின்றார். 1968-இல் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவரானார். பெண்ணுக்கு இத்துறை எதற்கு என்ற ஏளனம் அவரையும் விடவில்லை. மணம் புரியாமல் நோயாளிகளுக்கே வாழ்ந்தார். ஆன்மிகத்தை விட்டு மருத்துவத்துக்கு வந்தாரா, மருத்துவத்தின் வழியே ஆன்மிகத்துக்குப் போனாரா? இரண்டாவதுதான் என்பது எங்கள் கட்சி.

காரணம் சொல்கிறோம். கைக்குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி இரத்தமே உண்டு. மூன்று கிலோக் குழந்தைக்கு 240 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவு! அதில் சில தேக்கரண்டி சிந்தினாலும் உயிருக்கு ஆபத்து. அந்நேரம் கை நடுங்கக் கூடாது, கண் கலங்கக் கூடாது. ஆனால் கலங்காத கண்ணுக்குப் பின்னே நெஞ்சு இல்லை என்று யார் சொன்னது? கனகா அம்மையார் நூறு முறைக்கு மேல் இரத்த தானம் செய்தவர். கல்நெஞ்சர் செய்யும் வேலையா இது?

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1970-இல் அவரும், டாக்டர் பா. இராமமூர்த்தி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம் ஆகியோரும், அடங்காத மூர்க்கம் கொண்ட நோயாளிகளை மூளை அறுவையால் அமைதிப்படுத்தும் முறை பற்றி எழுதினார்கள். அந்நோயாளிகளுள் சிறுவரும் இருந்தனர். குடும்பத்தாரின் துயர் தீரும் என்றே செய்தார்கள். பின்னாளில் அம்முறை உலகெங்கும் கேள்விக்குள்ளாகி, ஏறத்தாழக் கைவிடப்பட்டது. நன்மை என நம்பித் தன் கையால் செய்தது நன்மைதானா? இக்கேள்வியோடு மறுநாளும் அறுவைக் கூடத்துக்குள் நுழைவது, கண்மூடி அமர்ந்து செய்யும் தவத்தினும் கடினமானது என்று தோன்றுகிறது. வெளியே வராந்தாவில் காத்திருக்கும் தாயிடம் செய்தி சொல்லப் போவது அதனினும் கடினம்!

2018 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று அம்மையார் மறைந்தார்.

எங்களுள் பிளஸ் டூ மாணவியர் சிலர் பதினெட்டு வயது நிறைந்ததும் இரத்த தானம் செய்யப் பெயர் எழுதி வைத்துள்ளோம். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டுமாம். அதற்காக மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் உண்ணத் தொடங்கியிருக்கிறோம்!